மொன்சாவில் முன்னால் போக மறுத்த கார்கள்

பாபநாசத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "2019 இத்தாலி கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் தகுதிச் சுற்று வீடியோ பார்த்தேன் சார். கடைசியில் எல்லாக் காரும் தேர் மாதிரி ஊர்ந்து போகிறது. கோட்டைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஏன்? வீட்டில் கேட்டால், அவர்களுக்கு நேரம் சரியில்லை என்கிறார்கள்."

பந்தயத்தில் யார் முன்னால் நின்று புறப்படுவது என்று முடிவு செய்ய, குறித்த நேரத்துக்குள் தடத்தை வேகமாகச் சுற்றிக் காட்டுவதுதான் தகுதிச் சுற்று. நேரம் தீருமுன் தொடக்கக் கோட்டைத் தாண்டினால்தான் அடுத்த சுற்றைத் தொடங்கலாம். அது தெரிந்துமா ஊர்ந்தார்கள்? விடை நம் வாய்க்காலில் இருக்கிறது.

மேட்டூர்த் தண்ணீர் வந்ததும், முழங்கால் ஆழ வாய்க்காலில் ஒரு மூங்கில் கழியை ஊன்றுங்கள். முன்பக்கம் தண்ணீர் முட்டி விலகும். பின்பக்கம் கொஞ்ச தூரத்துக்குத் தயங்கி நிற்கும். வைக்கோல் துரும்பு விழுந்தால் அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே சுழலும். அந்த இடத்தில் இன்னொரு கழியைப் பிடித்தால், தண்ணீர் தள்ளுவது குறைந்திருப்பதை விரலே சொல்லும். பாலத் தூணுக்குப் பின்னால் மீன் ஒதுங்குகிறதே, அதே இடம்தான்.

இப்போது தண்ணீரை நிறுத்திவிட்டுக் கழியை ஓடவிடுங்கள். தயங்கி நின்ற தண்ணீர் கழியோடு கூடவே வரும்! ஓடும் காரும் அப்படித்தான் தன் பின்னால் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. 300 கி.மீ. வேகத்தில் பின்தொடரும் காருக்கு முன்னுள்ள காற்று, அதே திசையில் 30 கி.மீ. வேகத்தில் நகர்வதாக வையுங்கள். காரில் மோதுவது 270 கி.மீ. காற்றுதான். தடை வேகத்தின் இருமடியாக மாறும், 0.9 × 0.9 = 0.81. தடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

அந்தப் பந்தயம் நடந்த மொன்சா நீண்ட நேர்பாதைகள் கொண்ட தடம். இந்த லாபம் அங்கே பெரிது. (வளைவில் அதே கலங்கிய காற்று, காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையின் பிடியைக் குறைக்கும், ஒட்டியும் போகமுடியாது.) ஆகவே எல்லோருக்கும் பின்னால் போக ஆசை. முன்னால் போக ஆளில்லை. பெரும்பாலோர் கடைசிச் சுற்றைத் தொடங்கவே இல்லை. முதல் முயற்சியில் எடுத்த நேரத்தாலேயே ஃபெராரி ஓட்டுநர் லெக்லெர்க் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்த மெர்சிடஸ் ஓட்டுநர் ஹாமில்டன் பின்தங்கியது வெறும் 0.039 வினாடி. இன்னொரு சுற்று கிடைத்திருந்தால் அதை எட்டிப் பிடித்திருக்கலாம்.

இதற்குக் கெட்ட நேரம் என்று பெயர் வைப்பது எனக்கு வேதனை தருகிறது. ஆறும் வாய்க்காலுமாக வாழும் நம் பிள்ளைகளுக்கு, ஓட்டத்தைக் கண்ணால் காட்ட ஒரு கண்ணாடித் தொட்டி எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? அரசு முதலில் பணம் ஒதுக்கவேண்டியது அதற்குத்தான்.

மாணவிக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றில் இறங்காதீர்கள், வயல் வாய்க்காலே போதும். இரண்டாவது கழியைச் சாண் சாணாகப் பின்னுக்கு நகர்த்தி, தண்ணீரின் முழு வேகம் எந்தத் தூரத்தில் திரும்புகிறது என்று அளந்து எழுதுங்கள்.