கடல் மட்டத்துக்கு கீழ ஒரு ஊரு: பேம்ஸ்டர் எப்படி காய்ஞ்ச நிலமா நிக்குது

நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்க ஒரு 20 கிலோமீட்டர் போனா பேம்ஸ்டர்னு ஒரு கிராமப்புற பகுதி வரும். அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு மண் கரையை தாண்டணும், நம்ம ஏரிக்கரை மாதிரியேதான் இருக்கும், மேல புல்லு முளைச்சிருக்கும். அந்த கரை மேல நின்னு ஒரு பக்கம் பாத்தா கால்வாய், தண்ணி கிட்டத்தட்ட காலடி வரைக்கும் வந்து நிக்கும், படகு போயிட்டு இருக்கும். அப்படியே திரும்பி இன்னொரு பக்கம் பாத்தா மாடு மேயுது, வீடு இருக்கு, ரோடு இருக்கு, ஆனா எல்லாமே ரொம்ப கீழ. படகு போற தண்ணி மட்டமும் கீழ இருக்குற வீட்டு ஜன்னலோட மேல் விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே உயரம்னு தெரியும்போது ஒரு நிமிஷம் வயித்துல ஏதோ பண்ணும்.

நம்ம ஊரு ஏரில கரைக்கு உள்ள தண்ணி இருக்கும், வெளிய வயல் இருக்கும். இங்க அப்படியே தலைகீழ், உள்ள வயலு, சுத்தி தண்ணி. ஏன்னா இது நிஜமாவே ஒரு ஏரியோட அடித்தரை. சுமார் 7,000 ஹெக்டேர், கடல் மட்டத்துக்கு சராசரியா மூணரை மீட்டர் கீழ. மிடன்பேம்ஸ்டர், வெஸ்ட்பேம்ஸ்டர், நோர்ட்பேம்ஸ்டர், சௌடோஸ்ட்பேம்ஸ்டர்னு நாலு கிராமம், எல்லாம் சேத்து 10,000 பேர்கிட்ட இருக்காங்க.

இதை பத்தி பேசுறவங்க நிறைய பேரு "டச்சுக்காரங்க கடலை ஜெயிச்சு நிலம் எடுத்தாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அந்த கதைல பாதிதான் சரியா படுது. முதல் பாதியை விட்டுடறாங்க. இந்த இடம் ஆரம்பத்துல ஏரியே கிடையாது, நிலம்தான், அதை தண்ணிக்குள்ள இறக்கினதுல பெரிய பங்கு மனுஷனோடது.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்தது பீட் மண்ணு. சதுப்புல வளர்ற பாசியும் கோரையும் செத்து விழும், ஆனா தண்ணிக்குள்ள காத்து இல்லாததால மக்காது, அது மேல அடுத்த தலைமுறை செடி, அதுவும் செத்து அது மேல இன்னொன்னு, இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் அடுக்கடுக்கா சேர்ந்து மேடா எழும்பி நிக்கும். கைல ஒரு பிடி எடுத்து பிழிஞ்சீங்கன்னா தண்ணி ஒழுகும், விரல் இடுக்குல பழைய வேரும் நாரும் மிஞ்சும், அவ்ளோதான். எடையில பெரும்பகுதி தண்ணிதான். அப்போ அந்த மேடு கடல் மட்டத்தை விட உயரமாவே இருந்துச்சு, நடுவுல பாமெஸ்ட்ரான்னு ஒரு சின்ன ஆறு ஓடிச்சு, பேம்ஸ்டர்ங்குற பேரே அதுல இருந்து வந்ததுதான்.

ஜனங்க வந்து குடியேறினாங்க. விவசாயம் பண்ணணும்னா தண்ணி வடியணும், அதனால வாய்க்கால் வெட்டினாங்க, தண்ணி வடிஞ்சுது, அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சுது. தண்ணி போன இடத்துல காத்து நுழையும், காத்து நுழைஞ்சா அவ்ளோ காலம் மக்காம இருந்த செடியெல்லாம் பாக்டீரியா தின்ன ஆரம்பிச்சுடும், கார்பன் டையாக்சைடா மாறி வானத்துக்கு போயிடும். மண்ணே காத்துல கரையுது, தரை கீழ இறங்குது. தரை இறங்கினா மறுபடி ஈரம் ஆகும், மறுபடி வாய்க்காலை ஆழமா வெட்டணும், மறுபடி இறங்கும். இது பத்தாதுன்னு அடுப்பெரிக்க பீட்டையே வெட்டி காயவச்சு வித்தாங்க. 12, 13ஆம் நூற்றாண்டுல பெரிய புயல் வெள்ளங்கள் வந்தப்போ தாழ்ந்து கிடந்த நிலம் தாங்கல. ஆறு அகலமாகி குளமாச்சு, குளம் ஏரியாச்சு, அலை அடிச்சு அடிச்சு கரையோரத்து பீட்டை பேத்து தின்னுச்சு. டச்சுல இதுக்கு "தண்ணி ஓநாய்"னு பேரு. ஏரி பெருசானா காத்துக்கு ஓடுற தூரம் கூடும், அலை பெருசாகும், இன்னும் வேகமா தின்னும், ஓநாய்னு சொன்னது சும்மா இல்ல. ஏரி கடைசியா சோய்டர்சேங்குற உள்நாட்டு கடலோட தொடர்பும் ஆகிடுச்சு.

ஆனா இதுல ஒரு நல்லது நடந்துச்சு. அலை பீட்டை எல்லாம் வழிச்சு எடுத்துட்டதால அடில இருந்த களிமண் வெளிய வந்துடுச்சு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல் கொண்டுவந்து படிய வச்ச களி, நல்ல வளமான மண்ணு, பீட் மாதிரி காத்து பட்டதும் கரைஞ்சு போகாது. ஏரிக்கு அடில நல்ல மண்ணு இருக்குன்னு தெரிஞ்சா காசு இருக்குறவன் சும்மா இருப்பானா.

1607ல ஏரியை காயவைக்க அரசு அனுமதி கொடுத்துச்சு. மொத்தம் 123 பேர் பணம் போட்டாங்க. முன்னாடி நின்னவர் டிர்க் வான் ஓஸ்ங்குற ஆம்ஸ்டர்டாம் வியாபாரி, இவர் 1602ல ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்திய கம்பெனியோட டைரக்டர்கள்ல ஒருத்தர். ஆமாங்க, நம்ம பழவேற்காட்டுக்கு வந்த அதே கம்பெனிதான். ஏரி காய்ஞ்சது 1612, பழவேற்காட்டுல கெல்ட்ரியா கோட்டை எழும்புனது 1613. ஆம்ஸ்டர்டாம்ல அப்போ கடல் வியாபாரத்து பணம் குவிஞ்சுட்டு இருந்துச்சு, ஜனத்தொகை ஏறிட்டே போச்சு, சாப்பாட்டு விலையும் ஏறிச்சு, அதனால விளைநிலம் நல்ல முதலீடா தெரிஞ்சுது. சோழமண்டல துணியும் மிளகும் கப்பல்ல போய் இறங்குன அதே ஊர்ல, அதே ஆட்கள்தான் ஏரித்தரைலயும் பணத்தை இறக்கினாங்க.

சரி, எப்படி காயவச்சாங்க? முதல்ல ஏரியை சுத்தி ஒரு கால்வாய் வெட்டி அந்த மண்ணை வச்சே வட்டமா கரை போட்டாங்க, சுமார் 40 கிலோமீட்டர். அப்புறம் உள்ள இருக்குற தண்ணியை தூக்கி வெளிய இருக்குற கால்வாய்ல கொட்டணும், அங்க இருந்து அது கடலுக்கு போகும். எவ்ளோ தண்ணின்னு நாமளே கணக்கு போடலாம், 70 சதுர கிலோமீட்டர், ஆழம் சராசரி 3 மீட்டர்னு வச்சுகிட்டா 21 கோடி கன மீட்டர், நம்ம பாஷைல சொன்னா 7 டிஎம்சிக்கு மேல. கரண்ட் கிடையாது, நீராவி கிடையாது. காத்து மட்டும்தான்.

காத்தாலைக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாக்கலாம். மேல இறக்கை சுத்துது, நடுவுல நெட்டுக்குத்தா ஒரு பெரிய மரத்தண்டு, கீழ மரப்பல் சக்கரம், அதுல இருந்து ஒரு அகப்பை சக்கரம். நம்ம மாட்டு வண்டி சக்கரத்துல வெளிய பலகை அடிச்ச மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க, ஆனா விட்டம் 5, 6 மீட்டர். அது ஒரு குறுகலான தொட்டிக்குள்ள பக்கம் உரசுற அளவுக்கு நெருக்கமா சுத்தும், ஒவ்வொரு பலகையும் முன்னாடி இருக்குற தண்ணியை சரிவுல தள்ளிகிட்டே மேல ஏத்தும். மேல போய் விழுற இடத்துல ஒரு மரக்கதவு இருக்கும். சக்கரம் தள்ளுற தண்ணி வந்தா அது தானா திறக்கும், காத்து நின்னு சக்கரம் நின்னா மேல இருக்குற தண்ணியோட அழுத்தமே கதவை சாத்திடும், ஒரு ஆள் வேணாம். இந்த ஒரு கதவு இல்லன்னா ராத்திரி காத்து விழுந்ததும் பகல் பூரா ஏத்துன தண்ணி திரும்ப உள்ளயே வந்துடும். இவ்ளோ எளிமையான ஒரு சாமான் மேல இந்த ஊரே நின்னுச்சுங்குறது எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு.

ஆனா அந்த சக்கரத்தால ஒரே தடவைல சுமார் ஒன்றரை மீட்டர்தான் தூக்க முடியும். அதுக்கு மேல போனா பலகை ரொம்ப சாஞ்சு தண்ணி பின்னாடியே வழிஞ்சுடும், சக்கரத்தை பெருசாக்கலாம்னா காத்தால சுத்த முடியாத எடை ஆகிடும். தேவையோ 4 மீட்டர்கிட்ட. அதனால படி வச்சாங்க, ஒரு ஆலை கீழ இருந்து தூக்கி ஒரு இடைக் கால்வாய்ல விடும், அடுத்தது அங்க இருந்து இன்னொரு படி, அடுத்தது இன்னொரு படி. ஒரு கேணில இருந்து வாளியை ஒருத்தர் கைல ஒருத்தர் கொடுத்து மேல ஏத்துற மாதிரி. ஏரி மட்டம் இறங்க இறங்க கூடுதல் படி தேவைப்பட்டுச்சு, ஆலை எண்ணிக்கை முதல்ல போட்ட கணக்கை விட கூடிகிட்டே போய் 40ஐ தாண்டிடுச்சு.

இந்த ஆலைகளை கட்டி மேற்பார்வை பாத்தவங்கள்ல யான் அட்ரியான்சோன் லேக்வாட்டர்னு ஒருத்தர், பக்கத்து டெ ரைப் ஊருக்காரர், தச்சரு. இன்னிக்கு எல்லா புகழும் இவருக்குத்தான் போகுது, ஆனா நிலத்தை அளந்து கரை எங்க போகணும் வாய்க்கால் எங்க ஓடணும்னு கோடு போட்ட லூகாஸ் யான்சோன் சிங்க் மாதிரி சர்வேயருங்களுக்கும் அதுல சமமான பங்கு உண்டு, அவங்க பேரை யாரும் சொல்றதில்ல.

1610 ஜனவரி. ஏரி நல்லாவே வத்திட்டு வந்த நேரம். புயல்ல சோய்டர்சே பக்கத்து கடற்கரை கரை உடைஞ்சுது, தண்ணி ஓடி வந்து வட்டக்கரையையும் உடைச்சு ஏரி மறுபடி ரொம்பிடுச்சு. ரெண்டரை வருஷ உழைப்பு போச்சு. அவங்க கைவிடல, கரையை சுத்து நிலத்தை விட ஒரு மீட்டர் உயரமா தூக்கி கட்டிட்டு மறுபடி முதல்ல இருந்து இறைச்சாங்க. 1612 மே மாசம் தரை தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த ஊரை மேப்ல பாத்த உடனே கண்டுபிடிக்க வைக்குது. காலி தரை, மேடு பள்ளம் இல்ல, பழைய ஊரு இல்ல, யார் வீட்டு வேலியும் இல்ல. சர்வேயருங்க நூல் பிடிச்ச மாதிரி சதுரம் சதுரமா வெட்டினாங்க. ஒரு மனை சுமார் 180 மீட்டர் அகலம் 900 மீட்டர் நீளம், அஞ்சு மனை சேர்ந்தா 900க்கு 900 சதுரம், நாலு சதுரம் சேர்ந்தா ஒரு பெரிய சதுரம். எந்த கோடும் சும்மா எல்லைக்கோடு கிடையாது, ஒவ்வொன்னும் ஒரு வாய்க்கால் இல்ல ஒரு ரோடு. வயல்ல விழுற மழை பக்கத்து சின்ன வாய்க்காலுக்கு, அது பெரிய வாய்க்காலுக்கு, அது ஆலைக்கு. மிடன்வெக், ரைபர்வெக்னு ரெண்டு பெரிய ரோடு வெட்டிக்குற இடத்துலதான் மிடன்பேம்ஸ்டர் கிராமம் இருக்கு. 1999ல யுனெஸ்கோ இதை உலக பாரம்பரிய இடமா சேத்துச்சு.

பயிர் வைக்கணும்னுதான் முதல்ல ஆசைப்பட்டாங்க, ஆனா காத்தாலையால மட்டத்தை அவ்ளோ துல்லியமா பிடிக்க முடியல, நிறைய இடம் பயிருக்கு தாங்காத ஈரமாவே இருந்துச்சு. ஈரத்துல புல்லு நல்லா வரும், அதனால மாடு, அதனால சீஸ். இன்னிக்கும் பேம்ஸ்டர் சீஸ்னா அங்க தனி பேரு. அந்த காலத்து பண்ணை வீடுங்க பிரமிட் மாதிரி கூம்பு கூரை போட்டது, நடுவுல நாலு பெரிய மரத்தூண், தூணுக்கு நடுவுல உத்தரம் வரைக்கும் வைக்கோல், அதை சுத்தி ஒரு பக்கம் மாடு ஒரு பக்கம் மனுஷன், எல்லாம் ஒரே கூரைக்கு அடில.

காயவச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சீங்கன்னா அங்கதான் தப்பு. அங்க வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது, ஆவியா போறது 550, 600 இருக்கும். மிஞ்சுற 25 சென்டிமீட்டரை 70 சதுர கிலோமீட்டரால பெருக்கி பாருங்க, வருஷா வருஷம் ஒன்றே முக்கால் கோடி கன மீட்டரை தூக்கி வெளிய கொட்டணும். போதாக்குறைக்கு ஊத்து வேற. வெளிய தண்ணி மட்டம் உசரம், உள்ள தாழ்வு, அந்த வித்தியாசமே கரைக்கு அடில மண்ணு வழியா தண்ணியை தள்ளி தள்ளி உள்ள கசிய வைக்கும். கரை எவ்ளோ பலமா இருந்தாலும் இது நிக்காது. இந்த வேலையை 1612ல இருந்தே தண்ணி வாரியம்தான் பாத்துட்டு வருது, நிலம் வச்சிருக்குறவங்க அதுக்கு தனியா வரி கட்டணும், கட்டியே ஆகணும். 19ஆம் நூற்றாண்டு கடைசில நீராவி பம்பு வந்துச்சு, அப்புறம் டீசல், இப்போ கரண்ட். தண்ணி இறைச்ச காத்தாலைல ஒன்னு கூட பேம்ஸ்டர்ல மிச்சமில்ல. பாக்கணும்னா பக்கத்துல 1635ல காய்ஞ்ச ஸ்கெர்மருக்கு போகணும், அங்க 52ல 11 இன்னும் நிக்குது.

லேக்வாட்டர் இதோட நிக்கல. 1641ல, ஹார்லெமர் ஏரியை 160 காத்தாலை வச்சு காயவைக்கலாம்னு திட்டம் போட்டு அச்சடிச்சு வெளியிட்டாரு. யாரும் பண்ணல. 200 வருஷம் கழிச்சு மூணு நீராவி பம்பு நிலையத்தை வச்சு 1852ல அதை காயவச்சாங்க, அதுல ஒரு நிலையத்துக்கு அவரு பேரையே வச்சாங்க. இன்னிக்கு ஸ்கிபோல் ஏர்போர்ட்ல ஃப்ளைட் இறங்குறது அந்த ஏரித்தரை மேலதான்.

தண்ணியை வெளிய தள்ள தெரிஞ்சவங்களுக்கு உள்ள விடவும் தெரியும். 1880கள்ல இருந்து ஆம்ஸ்டர்டாமை சுத்தி 135 கிலோமீட்டருக்கு கோட்டை வரிசை கட்டினாங்க, சில கோட்டை பேம்ஸ்டர் ஓரத்துலயே இருக்கு. எதிரி வந்தா மதகை திறந்து வயல்ல முழங்கால் அளவுக்கு தண்ணி விடணும். நடந்து வந்தா அடில இருக்குற வாய்க்கால் தெரியாம விழுவான், படகுல வரலாம்னா தரை தட்டும். அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம், சரியா அந்த அளவு. நூத்துக்கணக்கான வருஷமா சென்டிமீட்டர் கணக்குல தண்ணி மட்டத்தை பிடிச்சு பழகுனவங்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

2022 ஜனவரி 1ல இருந்து பேம்ஸ்டர் தனி முனிசிபாலிட்டி இல்ல, பக்கத்து டவுன் புர்மரெண்டோட சேத்துட்டாங்க. நிர்வாக எல்லை போச்சு, ஆனா வட்டக்கரை அங்கயேதான் இருக்கு, தண்ணிக்கு அந்த எல்லைதான் தெரியும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது கரைக்கு வெளிய நடக்குறது. சுத்தி இருக்குற "பழைய நிலம்" இன்னும் பீட்தான், அங்க மாடு மேய்க்க இன்னிக்கும் தண்ணி வடிக்குறாங்க, அதனால தரை வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்ல இருந்து 1 சென்டிமீட்டர் வரைக்கும் இறங்கிட்டே இருக்கு, கார்பன் வெளிய போயிட்டே இருக்கு. இறங்குறதை குறைக்கணும்னா வாய்க்கால் மட்டத்தை உயர்த்தி பீட்டை நனைச்சு வைக்கணும், ஆனா தரை நனைஞ்சா மாட்டு குளம்பு புதையும், டிராக்டர் சிக்கும், விவசாயிக்கு நஷ்டம், அதனால எந்த வாய்க்காலை எத்தனை சென்டிமீட்டர் ஏத்தணும்ங்குறதுதான் அங்க இப்போ நடக்குற வாக்குவாதம். கரைக்கு உள்ள, மூணரை மீட்டர் பள்ளத்துல இருக்குற களிமண்ணு அந்த அளவுக்கு அசையல, 1612ல போட்ட வாய்க்காலுங்க இன்னும் அதே கோட்டுலதான் ஓடுது.