கிலோ கூலிக்கும் கிராஜுவிட்டி உண்டு: முந்திரிக் கம்பெனி முதலாளிகளுக்கு

பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிறவர்களுக்கும் பருப்புத் தோல் உரிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கூலி. மாதச் சம்பளம் இல்லை, அதனால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) இல்லை என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 10 பேர் வேலை பார்த்த கம்பெனியில் 5 வருஷம் முடித்தவர் விலகினால் பணிக்கொடை கொடுத்தாக வேண்டும். பின்னால் ஆள் 8 ஆகக் குறைந்தாலும் பொறுப்பு போகாது. வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் 5 வருஷம் பார்க்கக் கூடாது.

கிலோ கூலிக்குக் கணக்கு இப்படி. விலகுவதற்கு முந்தைய 3 மாதக் கூலியை எடுத்து, ஓவர்டைம் நீக்கி, தினசரி சராசரி பாருங்கள். ஒரு அம்மா 78 நாளில் 35,100 ரூபாய் வாங்கியிருந்தால் நாளுக்கு 450. அதை 15 நாளால் பெருக்கினால் வருஷத்துக்கு 6,750. சர்வீஸ் 11 வருஷம் 7 மாதம்; 6 மாதத்துக்கு மேல் போனதால் 12 வருஷம். மொத்தம் 81,000 ரூபாய்.

மாதச் சம்பள ஆட்களுக்கு ஒரு நாள் கூலி பார்க்கச் சம்பளத்தை 30 ஆல் வகுப்பதுதான் வழக்கமான தப்பு. வகுக்க வேண்டியது 26 ஆல். 30 ஆல் வகுத்தால் 15,600 ரூபாய் சம்பளத்துக்கு வருஷத்துக்கு 1,200 குறையும். 12 வருஷத்துக்கு 14,400 பாக்கி நிற்கும். உச்சவரம்பு 20 லட்சம். 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டதால், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் சம்பளத்தில் சேரும். காலம் குறித்து எடுத்த ஆளுக்கு 1 வருஷமே போதும்.

'எங்களுடையது சீசன் கம்பெனி' என்று சொல்லி, 15 நாளுக்குப் பதில் சீசனுக்கு 7 நாள் கூலி என்று கணக்கிட்டுக் கொடுப்பது இன்னொரு சிக்கல். உள்ளூர்க் கொட்டை வரத்து நின்றதும் ஆப்பிரிக்கக் கொட்டையை இறக்கி வருஷம் பூராவும் ஓட்டினால் அது சீசன் ஆகாது. 12 மாதத்தில் 240 நாள் வேலை வந்தால் அது முழு வருஷம். கொட்டை வராமல் நீங்களே மூடிய நாட்களும், பிரசவ விடுப்பும் சர்வீஸை முறிக்காது.

தீபாவளிக்குத் தீபாவளி 'கணக்கு முடிந்தது' என்று கைநாட்டு வாங்கிவிட்டு மறுவாரமே அதே ஆளை உட்கார வைப்பதும் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுத்த கடிதத்தால் சட்டம் தந்த தொகை குறையாது. அட்வான்ஸ் பாக்கியைக் காட்டிப் பணிக்கொடையை நிறுத்தி வைக்கவும் வழியில்லை.

விலகிய 30 நாளுக்குள், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டி சேரும். தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது கூலி நோட்டு. மேஸ்திரி பேரில் மொத்தமாக எழுதிய நோட்டு உங்களுக்கு உதவாது. ஆள்வாரியாக நாளும் கிலோவும் கூலியும் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் முடித்தவரிடம் வாரிசு நியமனப் படிவத்தையும் வாங்கிவிடுங்கள்.