வளைகாப்பு வீட்டில் சாக்லேட் மூஸா? முட்டையை வேகவைத்துச் சேருங்கள்

வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் இப்போது பந்தி முடிகிற இடத்தில், பீடாவுக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன கப்புகளில் சாக்லேட் மூஸோ புட்டிங்கோ வைத்திருக்கிறார்கள். நிறைய வீடுகளில் அதைக் கடையில் வாங்குவதில்லை, அக்கா தங்கை நாத்தனார் எல்லோரும் சேர்ந்து முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து செய்கிறார்கள். ஈரோடு, கோவை பக்கம் இப்படிச் செய்கிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதுதான் என் வேலை, படித்தது உணவுத் தொழில்நுட்பம். வீட்டில் செய்வதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடையில் யாரும் போடாத அளவுக்கு நல்ல சாக்லேட்டும் ஊத்துக்குளி வெண்ணெயும் நம் வீட்டு விசேஷத்துக்கு நாம் போடலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வேகாத முட்டையை அதில் சேர்க்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் பழைய மூஸ் செய்முறை, உருக்கிய சாக்லேட்டில் பச்சை மஞ்சள் கருவைக் கலந்து, வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மடித்துச் சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. அடுப்பில் வேகவே வேகாது. வீடியோவைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். கேட்டால், "சாக்லேட் சூடாத்தானுங்க இருக்குது, அந்தச் சூட்டிலேயே வெந்துருமே" என்கிறார்கள்.

வேகாது. டபுள் பாய்லிங்கில், அதாவது கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து, உருக்கிய டார்க் சாக்லேட்டின் சூடு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ்தான். முட்டையோடு கலக்கும் நேரத்தில் அதுவும் 40 டிகிரிக்கு இறங்கியிருக்கும். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அதை உடனடியாகக் கொல்ல 71 டிகிரியாவது வேண்டும். 40 டிகிரி அதற்கு ரொம்ப வசதியான சூடு, சும்மா விட்டால் பெருகிக்கொண்டே இருக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. 5 டிகிரிக்குக் கீழே கிருமி பெருகாமல் நிற்கும், சாகாது. ஃபிரீசரில் வைத்தாலும் அதே கதைதான். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு அந்தக் கிருமியைப் போர்த்திக் காப்பாற்றி, வயிற்று அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதனால்தான் சாக்லேட் வழியாக வரும்போது மிகக் குறைந்த எண்ணிக்கையிலான கிருமியே நோயை உண்டாக்கியிருக்கிறது. 2022-ல் பெல்ஜியத்தில் ஒரு தொழிற்சாலையில் தயாரான சாக்லேட்டால் ஐரோப்பாவில் பல நாடுகளில் சால்மோனெல்லா பரவியது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழந்தைகள். அத்தனை இயந்திரமும் பரிசோதனையும் இருக்கிற இடத்திலேயே நடந்தது என்றால், நம் சமையல்கட்டில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்பில் இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா, புடவைத் தலைப்பில் வைத்திருந்த நாலு முட்டையை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டே கேட்டார்: "ஏனுங்க, நாமக்கல் பண்ணை முட்டைக்குச் சொல்றீங்க, சரிங்க. இது எங்க கோழி காலையில இட்ட முட்டைங்க. இன்னும் சூடு கூட ஆறல. இதுக்குமாங்க?"

இதற்கும்தானுங்க. கிருமி இரண்டு வழியில் வருகிறது. ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் எச்சத்தில் இருந்து வரலாம். சில கோழிகளுக்குச் சினைப்பையிலேயே தொற்று இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓடு பளபளவென்று, கீறல் இல்லாமல், அன்றைக்கு இட்டதாகவே இருக்கும், உள்ளே கிருமி இருக்கும். கோழிக்கும் நோய் தெரியாது. நாட்டுக்கோழியோ பண்ணைக்கோழியோ, கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை, முட்டை பழசா புதுசா என்று மட்டும்தான் சொல்லும். நாமக்கல் முட்டை பள்ளிக்கூடச் சத்துணவுக்கும்தான் போகிறது, அங்கே பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுக்கிறார்கள், அதனால் கவலை இல்லை. முட்டையை நான் குறை சொல்லவில்லை. வேகவைக்காமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

வாங்கி வந்ததும் முட்டையைக் கழுவி அடுக்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஓட்டின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், ஈரத்தோடு அழுக்கு உள்ளே இறங்க வழி கிடைக்கும். உடைக்கப் போகும் நேரத்தில் கழுவித் துடைத்தால் போதும். உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் சாக்லேட்டைத் தொடுங்கள்.

சரி, முட்டை போட்ட மூஸ்தான் வேண்டும் என்றால் எப்படிச் செய்வது? இரண்டு முட்டை, 50 கிராம் சர்க்கரை, காய்ச்சி ஆறவைத்த பால் 100 மில்லி. மூன்றையும் ஒரு சில்வர் கிண்ணத்தில் நன்றாகக் கலந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வையுங்கள், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கை விடாமல் கிளறுங்கள். முதலில் மேலே நுரை நிற்கும். சூடு ஏற ஏற நுரை அடங்கி, கலவை பளபளப்பாகி, கரண்டிக்குக் கொஞ்சம் கனம் தெரியும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால் 75 டிகிரியை ஒட்டிக் காட்டும், உடனே இறக்கிவிடலாம். 85-ஐத் தாண்டினால் திரிந்து முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிடும். சூடாக இருக்கும்போதே வடிகட்டி, நறுக்கி வைத்த 180 கிராம் டார்க் சாக்லேட்டின்மேல் ஊற்றி ஒரு நிமிடம் விட்டுக் கலக்குங்கள். கைச்சூட்டுக்கு ஆறியதும், 200 மில்லி விப்பிங் கிரீமை மெத்தென்று அடித்து மடித்துச் சேருங்கள். பச்சை முட்டை மூஸை விட இது கெட்டியாகவும் வழவழப்பாகவும் வரும், ருசியில் ஒரு குறையும் இருக்காது. சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் அச்சும் நாசிலும் வாங்குகிறவர்கள் முதலில் அதை வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

சனிக்கிழமை, புரட்டாசி என்று முட்டையே சேர்க்காத வீடுகள் நம் பக்கம் ஏராளம். அவர்களுக்கு எர்வே தீஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருக்கிறது. 70 சதவீத டார்க் சாக்லேட் 250 கிராமைச் சுமார் 225 மில்லி தண்ணீரில் உருக்கி, ஐஸ் போட்ட பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து விஸ்க்கால் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிரீம் போல எழும்பிவிடும். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. கெட்டியாகிப் போனால் மறுபடி உருக்கி அடித்துக்கொள்ளலாம். இதற்கு அசல் சாக்லேட்தான் வேண்டும், பின்னால் சேர்மானப் பட்டியலில் கோகோ பட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். காம்பவுண்ட் என்று விற்பதில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாய் ஒட்டும். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அவ்வளவு பக்கத்தில் விளைவதை வைத்துக்கொண்டு விசேஷத்துக்கு மெழுகைப் பரிமாறுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

லாவா கேக்கிலும் இதே ஆபத்து உண்டு. நடுவில் வழிவது பாதி வெந்த மாவாக இருந்தால், அதில் பச்சை முட்டையோடு பச்சை மைதாவும் சேர்கிறது. முட்டை சேர்க்காத கனாஷை, அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த கலவையை, கட்டியாக உறையவைத்து மாவின் நடுவில் அமுக்கி, சுற்றியுள்ள கேக்கை முழுதாக வேகவிட்டால் அதேபோலத்தான் வழியும். கனாஷுக்கு, ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பாலாடையைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தினமும் திறந்து மூடிச் சேர்த்த ஆடை அது. நெய் காய்ச்சத்தான் லாயக்கு.

செய்து முடித்த பிறகுதான் பாதிப் பேர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். காங்கேயத்தில் மண்டபம், கோவையில் வீடு, சித்திரை வெயில், கப்புகள் கார் டிக்கியில். 32 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் கிரீம் சேர்ந்த இனிப்பு வெளியே இருக்கலாம் என்பது ஒரு மணி நேரம்தான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் அடுக்கி, ஏசி ஓடும் காருக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். மண்டபத்தில் எல்லாக் கப்பையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாமல், பந்திக்குப் பந்தி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சியைத் தாங்கும். விசேஷத்துக்கு முந்தின நாள் உங்கள் பகுதியில் மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துவிட்டுச் செய்யத் தொடங்குங்கள்.

வளைகாப்பை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கூடத்தில் கர்ப்பிணி நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் பாட்டி, மடியில் ஏதாவது ஒரு கைக்குழந்தை. நமக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போவது இவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று எல்லோரும் ஊட்டிவிடுவது அவளுக்குத்தான்.

சாப்பிட்ட 6 மணி நேரத்தில் இருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல், வயிற்று வலி, பேதி வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும், கர்ப்பிணி, முதியவர், குழந்தை என்றால் அதற்குக் காத்திராமலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதே இனிப்பைச் சாப்பிட்ட மற்ற சொந்தக்காரர்களுக்கும், சங்கடமாக இருந்தாலும், ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.