காற்றுக்கு ஒரு வழி

பள்ளி ஆய்வகத்தில் வடிகட்டும் சோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கும். வட்டமான வடிதாளை நான்காக மடித்துப் பிரித்தால் கூம்பாகும். ஒரு பக்கம் மூன்று அடுக்கு, மறுபக்கம் ஒன்று. அதைப் புனலில் வைத்து, புனலைக் குடுவையின் வாயில் இறுக்கமாகச் செருகிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுபோகும். குடுவைக்குள் இருக்கும் காற்று வெளியேறினால்தான் மேலிருக்கும் நீர் உள்ளே இறங்க முடியும்.

இதற்கான விடையைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது கெமெக்ஸ் என்ற கண்ணாடிக் காபிக் குடுவை. இதை 1941-இல் உருவாக்கிய பீட்டர் ஷ்லும்போம், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர். கூம்புக் குடுவையையும் புனலையும் ஒரே கண்ணாடியாக இணைத்தார். இடுப்பு சிறுத்த அந்த உருவம் அப்படித்தான் வந்தது.

பார்ப்பவர் கண் முதலில் அந்த இடுப்பைச் சுற்றிய மரத்தாலான பட்டையிலும், அதைக் கட்டியிருக்கும் தோல்வாரிலும் நிற்கும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கொதிநீர் நிறைந்த கண்ணாடியைக் கையால் பிடிக்க அதுவே கைப்பிடி. ஆனால் என்னை மயக்குவது, விளிம்பிலிருந்து இடுப்புவரை ஓடும் ஒரு பள்ளம். காபியை ஊற்றுவதற்கான மூக்கும் அதுதான், கீழே காபி இறங்க இறங்க உள்ளிருக்கும் காற்று மேலேறி வெளியேறும் வழியும் அதுதான். ஈரத்தாள் மற்ற இடங்களில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாலும் இந்தப் பள்ளம் திறந்தே இருக்க வேண்டும். அதனால்தான் தாளின் மூன்றடுக்குப் பக்கத்தை மூக்கின் மேல் வைக்கிறார்கள். ஒற்றைத் தாள் என்றால் நனைந்ததும் தொய்ந்து பள்ளத்தை மூடிவிடும்.

30 கிராம் தூளுக்குச் சுமார் 500 மில்லி நீர், 90 முதல் 96 டிகிரி சூட்டில். முதலில் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுக்க வேண்டும். புதிதாக வறுத்த கொட்டையில் தங்கியிருக்கும் கரியமில வாயு அப்போது நுரைத்துப் பொங்கும். அது வெளியேறாவிட்டால் நீர் தூளுக்குள் சீராகப் புகாது. பிறகு சிறுகச் சிறுக ஊற்றலாம்.

தடித்த அந்தத் தாள் மண்டியோடு காபியின் எண்ணெய்ப் பசையையும் பெருமளவு பிடித்துவைத்துக்கொள்கிறது. இரத்தக் கொழுப்பைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற பொருள் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. இறங்கும் காபி தேநீர்போலத் தெளிந்து, கொட்டையின் புளிப்பும் பழமணமும் தனித்துத் தெரியும். பால் கலந்தால் அந்த நுட்பம் அமுங்கிவிடும். கெட்டி டிகாக்‌ஷனில் பழகிய நாக்கு முதல் நாள் ஏமாறலாம். நான்காவது நாள் தேடும்.

போர்க்காலத்தில் உலோகம் அரிதாக இருந்தபோது கண்ணாடி, மரம், தோல், தாள் என்றே அமைந்த இந்தப் பாத்திரம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பிடித்தது. அழகுக்கென்று தனியாக எதையும் ஒட்டவில்லை என்பதே அதன் தகுதி என்பேன்.

என்றாவது காபி பாதியில் இறங்காமல் நின்றால், மூக்கின் பக்கம் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு கரண்டிக் காம்பை மெல்ல நுழைத்துப் பாருங்கள். அடைபட்ட காற்று வெளியேறும். சொட்டுச் சத்தம் மறுபடி கேட்கும்.