ஆயிரம் அடிக்குக் கீழே ஆறு எதுவும் ஓடவில்லை

மறுபடியும் ஒருவர். பல்லடம் பக்கத்து விவசாயி. தோட்டத்தில் ஏற்கெனவே போட்ட இரண்டு போர்வெல்லிலும் புகைதான் வந்தது. மூன்றாவதை 1,200 அடிக்கு இறக்கிவிட்டு, அதற்கப்புறம், கருவி வைத்து நிலத்தடி நீர் பார்க்கும் என்னைக் கூப்பிடுகிறார். "சார், இன்னும் ஒரு இருநூறு அடி போனா நீரோட்டத்தப் பிடிச்சிடலாமா?" நகை அடகில் இருக்கிறது. துளை போடும் ரிக் வண்டி வருவதற்கு முன் கேட்க வேண்டியதை, பில் கைக்கு வந்த பிறகு கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆழம் போகப் போகத் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் பாதிக் குடும்பங்களைக் கடனாளியாக்குகிறது. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப்பாறை. கொங்கு நாடு, சேலம், தருமபுரி, மதுரை என்று பெரும்பாலான இடங்களில் மண்ணுக்குக் கீழே இருப்பது நைஸ் அல்லது சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. வீட்டில் அம்மிக்கல் இருந்தால் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காது. அடியில் கிடக்கும் பாறையும் அப்படித்தான். தண்ணீர் தங்குவதற்கு அங்கே இரண்டே இடம்: மேலே சிதைந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் பகுதி, அதற்குக் கீழே பாறையில் விழுந்த விரிசல்கள். ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது.

சரி, விரிசல் எப்படி வந்தது? பல்லாவரம் மலையில் இன்று கையால் தொடக்கூடிய சார்னோகைட், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. (கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்தப் பாறைதான், அதனால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இதற்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார்.) மேலே கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் வெயிலிலும் மழையிலும் ஆற்றிலும் தேய்ந்து போயிற்று. சுமை குறையக் குறைய, அமுங்கிக் கிடந்த பாறை விரிந்து கீறல் விட்டது. ஆகவே கீறல்கள் அதிகமாக, வாய் திறந்து இருப்பது மேற்பகுதியில்தான். கீழே போனால் பாரம் கூடுகிறது. ஆயிரம் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 80 கிலோ. அங்கே இருக்கும் விரிசலும் இறுகிக் கிடக்கும். தண்ணீர் தரும் விரிசல்கள் பெரும்பாலும் முதல் முந்நூறு, நானூறு அடிக்குள் வந்துவிடும். பூமி நகர்ந்து உடைந்த பெரிய முறிவுகள் சில இடங்களில் ஆழமாகப் போகும், உண்மைதான். அடுத்த தோட்டத்துக்காரருக்கு 900 அடியில் கிடைத்தது அப்படி ஒன்றாக இருக்கலாம். அதை நம்பி நீங்கள் கடன் வாங்காதீர்கள்.

தஞ்சாவூர்க்காரர்களும் நெய்வேலிக்காரர்களும் கோபப்பட வேண்டாம், உங்கள் கதை வேறு. அங்கே மணலும் மணற்பாறையும். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குப் பயந்து, இரவு பகலாக இறைத்துக்கொண்டேதான் சுரங்கம் தோண்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவிநாசியில் போர் போடக் கூடாது.

கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள். தாழ்வான இடத்தில், ஓடையோரத்தில் யார் புள்ளி காட்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். பெயர் தேங்காய்க்குப் போகும். எங்கள் கருவியும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. நான்கு கம்பிகளை அடித்து மின்தடையை அளந்து, சிதைந்த பகுதி எவ்வளவு கனம், பாறை எங்கே இறுகுகிறது என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். "மூணு இஞ்ச் தண்ணி கேரண்டி" என்று சொல்பவர் எங்கள் தொழில்காரராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

போர் போடும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பத்து அடிக்கு ஒரு கைப்பிடி கல்தூளை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாக வந்தால் அங்கே தண்ணீர் நடமாடியிருக்கிறது. நூறு, நூற்றைம்பது அடியாகக் கருநீலத் தூள் மட்டும், ஈரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் "போதும்" என்று சொல்லப் போவதில்லை.

முதல் நாள் மோட்டார் ஓடியதும் இனிப்பு கொடுக்காதீர்கள். ஆறரை அங்குலக் குழாய்க்கிணறு அடிக்கு சுமார் ஆறரை லிட்டர் பிடிக்கும். ஆயிரம் அடி நிரம்பியிருந்தால் 6,500 லிட்டர். அது தேங்கிய தண்ணீர். அது தீர்ந்த பிறகு மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் உங்கள் வருமானம்.

ஆழத்துத் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் ஃபுளோரைடு பரிசோதனை செய்யுங்கள். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் அது கரைந்திருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் பல்லில் படிந்த கறை இதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லாதீர்கள். வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் வராத குழியை அப்படியே விட்டுப் போகாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, பக்கத்தில் குழி தோண்டிய இயந்திரங்களைத் திணறடித்ததும் இதே கடினப்பாறைதான். கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், தோண்டிய தூள் கொண்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. சாக்குப்பையும் தென்னை ஓலையும் மூடி ஆகாது. தூள் அங்கேயே குவிந்து கிடக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ரிக் வண்டி கிளம்புவதற்கு முன் மூடிவிடுங்கள்.