ஏரிக்கரை ஏன் இருநூறு மீட்டர் தள்ளி விழுகிறது?

பழைய டோபோஷீட் (மலை, ஏரி, சாலை எல்லாம் காட்டும் நில அளவை வரைபடம்) ஒன்றை ஸ்கேன் செய்து, அதன் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கொடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். சென்னைப் பக்கத்து ஷீட் என்றால் ஏரிக்கரை, சாலை, ரயில் பாதை எல்லாமே இருநூறு மீட்டருக்கு மேல் தென்கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். எண் சரிதான். அது எந்த டேட்டத்தில், அதாவது பூமியின் எந்த அளவு மாதிரியை வைத்து எழுதப்பட்டது என்பதை நான் பார்க்கவில்லை.

பூமி மேடும் பள்ளமுமாக இருப்பதால், வழவழப்பான, துருவங்களில் கொஞ்சம் தட்டையான ஒரு கற்பனை உருண்டையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த உருண்டை எவ்வளவு பெரியது, அதை நிஜ பூமியோடு எங்கே பொருத்தி வைத்தோம், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் டேட்டம்.

நம் பழைய வரைபடங்களின் கதை பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டருக்கு ஓர் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு) அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால், வெப்பமானியைப் பக்கத்திலேயே வைத்து ஒவ்வோர் அளவையும் திருத்திக்கொண்டே போனார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அப்புறம் முக்கோணம் முக்கோணமாக வடக்கே இமயம் வரை போனது அளவை. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணக்கிட்ட உருண்டையின் நிலநடுக்கோட்டு ஆரம் 6377276 மீட்டர். இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84-ன் உருண்டைக்கு 6378137 மீட்டர். எவரெஸ்ட் உருண்டையை இந்திய நிலத்தோடு ஒட்டி உட்காரும்படி பொருத்தினார்கள், அதனால் அதன் மையம் பூமியின் நிஜ மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் விலகிவிட்டது. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறை மையத்தைச் சுற்றுவதால், ஜிபிஎஸ்ஸின் உருண்டைக்கு அதுவே நடு. உருண்டையும் அதன் நடுவும் வேறானதால்தான் அதே எண் வேறு இடத்தைக் காட்டுகிறது.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. லண்டன் கிரீன்விச்சில் தரையில் பதித்த பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டில் போனோடு நின்றால் அதன் ஜிபிஎஸ்ஸில் பூஜ்யம் வராது, கிழக்கே 102 மீட்டர் நடக்க வேண்டும்.

டேட்டம் சரியானாலும், உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை டிகிரிக்குப் பதில் மீட்டரில் எழுதும் யூடிஎம் முறையில் இன்னொரு பொறி உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது: கோவை 43-ம் மண்டலம், மதுரை 44. ஒவ்வொரு மண்டலத்தின் நடுவில் வடக்கு தெற்காகப் போகும் கோட்டுக்கும் கிழக்கு அளவாக 500000 மீட்டர் என்றே எண் கொடுத்திருப்பதால், மதுரையின் அட்சரேகையில் ‘கிழக்கு 500000’ என்பது 43-ல் அரபிக் கடல், 44-ல் வங்கக் கடல்!

சரி, ஏரியை எப்படி இடத்தில் உட்கார வைப்பது? க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய ஷீட்டுக்கு முதலில் அதன் சொந்த டேட்டத்தைச் சொல்லுங்கள், பெரும்பாலும் எவரெஸ்ட் உருண்டையை வைத்த கல்யாண்பூர் 1975 என்ற டேட்டம் பொருந்தும். அதன் பிறகே டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள். நேராக டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர் ஒட்டினால் எண் ஒன்றும் மாறாது, ஏரியும் அந்த இருநூறு மீட்டர் தள்ளியே கிடக்கும்.