முழங்கால் வலிக்குத் தொடையில் வைத்தியம்

“மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். பிறகு ஏன் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்? இன்னும் தேயாதா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அளவோடு செய்தால் தேயாது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. அசைவு நின்றால் அது மெலியும்.

இதைவிட அருமையான சங்கதி தொடையில் நடக்கிறது. மூட்டில் நீர் கோத்து, அதைச் சுற்றியுள்ள உறை விரிந்ததும், அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்துக்குத் தகவல் சொல்கின்றன. தண்டுவடம் உடனே முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. இதற்கு வலிகூடத் தேவையில்லை. நோயில்லாத முழங்காலில் உப்புநீர் ஏற்றிப் பார்த்த சோதனைகளில், 20-30 மில்லி சேர்ந்ததுமே முன்தொடைத் தசையின் உட்பக்கப் பகுதி மந்தமானது. தசை தாங்காத அதிர்வை மூட்டு தாங்குகிறது, வலி கூடுகிறது, வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தசை இன்னும் சூம்புகிறது.

வீங்கிய முழங்காலில் ஐஸ் ஒத்தடம் இந்தத் தடையைச் சற்று நேரம் தளர்த்தும். துணியில் சுற்றி 15-20 நிமிடம் வைத்துவிட்டு, உடனே பயிற்சியைத் தொடங்குங்கள். காலில் உணர்ச்சி மரத்த சர்க்கரை நோயாளிகளுக்கு ஐஸ் வேண்டாம்.

காலை நீட்டி, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். 5 விநாடி, 10 முறை. முழங்கால் சில்லு தொடைப் பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேலை செய்வது வேறு தசை. அடுத்து மல்லாந்து படுத்து, மற்றக் காலை மடக்கி, வலிக்கும் காலை நேராக ஓர் அடி உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். பலர் முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு காலை வீசித் தூக்குகிறார்கள். அதில் முன்தொடைக்குப் பலன் குறைவு. மூச்சை அடக்கக் கூடாது. சுலபமானதும் கணுக்காலில் அரைக் கிலோ கட்டுங்கள். பாரம் கூடாமல் பலம் கூடாது.

செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இரவில் முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது சுகம்தான்; ஆனால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். ஊன்றுகோல் வலிக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமை குறையும். காந்தப் பட்டைக்கும் செம்பு வளையத்துக்கும் கொடுக்கும் பணத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.